போட்டோ ப்ராஜெக்ட் ரிவ்யூல வாங்குன கமெண்ட்டை வச்சு என்ன பண்றது?

விஸ்காம் (விஷுவல் கம்யூனிகேஷன்) படிக்கிற பசங்ககிட்ட போட்டோ டாக்குமென்டரி ப்ராஜெக்ட்ல எதுடா கஷ்டம்னு கேட்டா லொகேஷன், லைட், லென்ஸ் வாடகைன்னு வரிசையா சொல்லுவாங்க. ஜூனியர்ஸோட ரெக்கார்டு நோட்டை உக்காந்து படிச்சுப் பாத்தா எனக்கு வேற ஒண்ணு தான் தெரியுது. படம்லாம் ஓரளவு நல்லாவே எடுத்துருப்பாங்க, ஆனா ரிஃப்ளெக்‌ஷன்னு ஒரு பகுதி, பண்ணுன வேலையைத் திரும்பிப் பாத்து எழுதுறது, இருக்கும் பாருங்க, அங்க வந்து எல்லாரும் ஒரே வரியை எழுதி வச்சிருப்பாங்க. "பேராசிரியரின் கருத்துகள் எனக்கு மிகவும் பயனுள்ளதாக இருந்தன, அதன்படி என் புகைப்படங்களை மேம்படுத்திக்கொண்டேன்." எந்தப் படம், யாரு என்ன சொன்னாங்க, நீங்க என்ன மாத்துனீங்க, மாத்துனதுக்கு அப்புறம் படம் தேறுச்சா இல்ல இருந்ததும் போச்சா, ஒண்ணுமே இருக்காது.

பொதுவா பேசிக்கிட்டே போனா பிடிபடாது, ஒரு ப்ராஜெக்டை கையில வச்சுக்கிட்டு பேசலாம். புரசைவாக்கம் பக்கத்துல கொசப்பேட்டை தெரியும்ல, விநாயகர் சதுர்த்திக்கும் நவராத்திரிக்கும் முன்னாடி சந்து சந்தா பொம்மை காயுமே, அங்க போய் மூணாவது வருஷப் பொண்ணு ஒருத்தி பொம்மை செய்றவங்களைப் பத்தி ஒரு போட்டோ ஸ்டோரி பண்ணுனா. பன்னெண்டு படம் ஃபைனல்ல வரணும், நடுவுல ரெண்டு ரிவ்யூ. அவ வாங்குன கமெண்ட்டுங்களை வச்சே சொல்றேன், ஏன்னா அதெல்லாம் எல்லா காலேஜ்லயும் எல்லாரும் வாங்குற கமெண்ட் தான்.

ரிவ்யூ அன்னிக்கு வாயைத் திறக்காதீங்க

உக்காந்ததும் நம்ம ஆளுங்க பண்ற முதல் வேலை விளக்கம் சொல்றது. சார் அன்னிக்கு மழை சார், அந்த அண்ணன் நகர மாட்டேன்னுட்டாரு சார், லென்ஸ் ஃப்ரெண்டோடது சார். நாளைக்கு எக்ஸிபிஷன்ல மாட்டுனா படத்துக்குப் பக்கத்துல நின்னு வர்றவங்க போறவங்க எல்லாருக்கும் இதைச் சொல்லுவீங்களா? படத்தை வச்சுட்டு கம்முனு இருங்க. அவங்க தப்பாப் புரிஞ்சுக்கிட்டாலும் இருங்க, அந்தத் தப்புப் புரிதல் தான் உங்களுக்கு வேணும், நீங்க பாதியில பூந்து திருத்திட்டீங்கன்னா அது எங்க வந்துச்சுன்னு கடைசி வரைக்கும் தெரியாது.

போன்ல ரெக்கார்டு பண்ணிக்கலாமான்னு கேட்டுட்டு போட்டு விட்டுருங்க, வேணாம்னா பக்கத்துல ஒரு ஃப்ரெண்டை உக்கார வச்சு எழுதச் சொல்லுங்க. நீங்களே எழுதாதீங்க, கமெண்ட் வாங்குறப்போ நம்ம காது நமக்குப் பாதி தான் வேலை செய்யும். எழுதுறதை அவங்க சொன்ன வார்த்தையிலயே எழுதணும். சார் "இந்த இடம் கொஞ்சம் கசகசன்னு இருக்கு"ன்னு சொல்லியிருப்பாரு, நோட்ல "காம்போசிஷன் சரியில்லை"ன்னு ஏறியிருக்கும். சார் சொன்னதுல எந்த இடம்னு ஒரு துப்பு இருந்துச்சு, நோட்ல ஏறுனதுல அது போயிடுச்சு. ஃப்ரேம் நம்பர், சொன்னது யாரு, சொன்ன வார்த்தை, இந்த மூணும் இருந்தா போதும்.

இன்னொன்னும் குறிச்சுக்கோங்க, அவங்க படத்தை எதுல பாத்தாங்கன்னு. க்ளாஸ் ப்ரொஜெக்டர்ல ஜன்னல் வெளிச்சத்தோட பாத்தா எல்லாப் படமும் சாயம் போன மாதிரி தான் தெரியும். வாட்ஸாப்ல அனுப்புன படத்தை அது அமுக்கி சின்னதாக்கித்தான் அனுப்பும், அதைப் பாத்துட்டு "ஷார்ப்பா இல்லையே"ன்னு ஒருத்தர் சொன்னா அதுல பாதி வாட்ஸாப் மேல போகவேண்டிய கமெண்ட். டாக்குமென்ட்டா அனுப்புங்க, இல்ல பிரிண்ட் போட்டு எடுத்துட்டுப் போங்க. இருட்டா இருக்குன்னு யாராவது சொன்னா உடனே எக்ஸ்போஷரை ஏத்தாம முதல்ல ஹிஸ்டோகிராமை, அதான் படத்துல இருட்டு எவ்வளவு வெளிச்சம் எவ்வளவுன்னு இடமிருந்து வலமா காட்டுற கிராஃபை, திறந்து பாருங்க, கிராஃப் இடது பக்கம் சுவத்துல முட்டிக்கிட்டு நிக்குதுன்னா நிஜமாவே இருட்டு, நடுவுல ஒழுங்கா பரவி இருந்தா பாத்த ஸ்க்ரீன் மேலயும் சந்தேகப்படலாம்.

அன்னிக்கு ராத்திரி லைட்ரூமை (படம் எடிட் பண்ற சாஃப்ட்வேர்) திறக்காதீங்க. கடுப்புல எடிட் பண்ணுனா ஒண்ணு எல்லாத்தையும் அழிப்பீங்க, இல்லன்னா அந்தாளுக்கு என்ன தெரியும்னு எதையுமே தொட மாட்டீங்க. கிரஹாம் கிப்ஸ்னு ஒரு கல்வியாளர் 1988ல ரிஃப்ளெக்‌ஷனுக்கு ஒரு ஆறு படி வட்டம் போட்டுக் கொடுத்தாரு, நிறைய காலேஜ்ல அதைத்தான் ஹேண்ட்அவுட்டா கொடுக்குறாங்க, என்ன நடந்துச்சு, என்ன தோணுச்சு, எது ஒர்க் ஆச்சு எது ஆகல, ஏன் அப்படி, என்ன முடிவுக்கு வர்றோம், அடுத்து என்ன பண்ணப் போறோம்னு போகும். அதுல ரெண்டாவது படி தான் நம்ம ஊர்ல எல்லாரும் தாண்டிப் போறது. தாண்ட வேணாம், "அவர் டூரிஸ்ட் போட்டோன்னு சொன்னதும் எரிச்சல் வந்துச்சு"ன்னு ஒரு வரி எழுதிட்டு நகருங்க. ஒரு வரி போதும், நாலு பக்கம் எழுதுனா அது டைரி ஆயிடும்.

சொன்ன தீர்வை விடுங்க, சொன்ன இடத்தைப் புடிங்க

எனக்கு இதுல முக்கியமாப் படுறது இந்த ஒரு விஷயம் தான். கமெண்ட் சொல்றவங்க பெரும்பாலும் ரெண்டை ஒண்ணாக் கலந்து சொல்லுவாங்க, எனக்கு இங்க இடறுது, அதனால நீ இப்படி மாத்து. முதல் பாதி கிட்டத்தட்ட எப்பவுமே உண்மை, ஏன்னா அவங்க கண்ணு எங்க இடறுச்சுன்னு அவங்களுக்குத் தான் தெரியும். ரெண்டாவது பாதி அவங்க அந்த நேரத்துல அடிச்சு விடுற ஊகம், அவங்க அந்தச் சந்துக்கு வந்து நிக்கல, அங்க இடப்பக்கம் என்ன இருந்துச்சுன்னு அவங்களுக்குத் தெரியாது.

நம்ம பொண்ணோட படத்தையே பாருங்க. ஒரு அம்மா தரையில உக்காந்து விநாயகருக்கு கண்ணு வரையுறாங்க, பின்னாடி சந்து, சந்துல ஒரு பைக்கு, கொடியில துணி, மேல நீலக் கலர் தார்ப்பாய். வந்த கமெண்ட்: "பின்னாடி கசகசன்னு இருக்கு, 50எம்எம் 1.8 போட்டு ப்ளர் பண்ணிடு." 1.8ங்கிறது லென்ஸ் எவ்வளவு திறக்குதுங்கிற நம்பர், நம்பர் குறையக் குறைய பின்னாடி இருக்கிறது மங்கும். அவளும் லென்ஸை கடன் வாங்கி 1.8ல எடுத்துட்டு வந்தா. க்ராப் சென்சார் (கொஞ்சம் சின்ன சென்சார்) கேமராவுல ஒரு மீட்டர் தூரத்துல இருந்து 50எம்எம்ல 1.8 வச்சா ஷார்ப்பா இருக்கிற ஆழம் 3 சென்டிமீட்டர் கிட்டத்தான் வரும், அதனால பிரஷ் நுனி ஷார்ப், அந்த அம்மா முகம் போச்சு, சந்தும் போச்சு. கசகச போயிடுச்சு, கூடவே கொசப்பேட்டையும் போயிடுச்சு, எந்த ஊர்ல எடுத்த படமா வேணாலும் இருக்கலாம்.

அப்புறம் ரெண்டு படத்தையும் பக்கத்துல பக்கத்துல வச்சு, கண்ணை அரைகுறையா மூடி பாத்தப்போ (இது ரொம்பப் பழைய டெக்னிக், டீடெயில் எல்லாம் மங்கி வெளிச்சமும் கலரும் மட்டும் நிக்கும்) இடறுறது பைக்கும் இல்ல துணியும் இல்ல, அந்தத் தார்ப்பாய் மட்டும் தான்னு தெரிஞ்சுச்சு. ஃப்ரேம்லயே அழுத்தமான கலர் அது, மேல் மூலையில வேற உக்காந்திருந்துச்சு, கண்ணு நேரா அங்க போய் தான் அப்புறம் முகத்துக்கு வருது. மறுநாள் போய் ரெண்டு அடி இடது பக்கம் நகந்து, கேமராவைக் கொஞ்சம் கீழ இறக்குனதும் காய வச்சிருந்த பொம்மை வரிசை தார்ப்பாயை மறைச்சிடுச்சு, 5.6லயே எடுத்தா, பைக்கும் துணியும் அப்படியே இருக்கு, ஒருத்தருக்கும் கசகசன்னு தோணல.

அதனால கமெண்ட் கையில கிடைச்சதும் அதை கேமராவால சோதிக்கிற மாதிரி ஒரு கேள்வியா மாத்துங்க. "கசகச"ன்னா, இந்தப் படத்துல கண்ணு முதல்ல எங்க போகுது, நான் போகச் சொல்ற இடத்துக்கு முன்னாடி வேற எங்க நிக்குது? "டூரிஸ்ட் போட்டோ மாதிரி இருக்கு"ன்னா, எல்லாப் படமும் நின்ன உயரத்துல இருந்து, அஞ்சாறு அடி தள்ளி, அவங்க கேமராவைப் பாத்துச் சிரிக்கிறப்போ எடுத்ததா? "உயிர் இல்ல"ன்னா, கை என்ன பண்ணுதுன்னு தெரியுதா? "கதை இல்ல"ன்னு ஒரு கமெண்ட் வரும், அது தான் இருக்கிறதுலயே மோசமான கமெண்ட், ஏன்னா அதை வச்சு ஒண்ணும் பண்ண முடியாது. அங்க மட்டும் வாயைத் திறந்து, "சார், எந்தப் படத்துல இருந்து எந்தப் படத்துக்குப் போறப்போ அந்து போகுது?"ன்னு கேட்டுருங்க. அவரும் அப்ப தான் யோசிப்பாரு.

டெக்னிக்கல் கமெண்ட் எல்லாம் இதுல ஈஸி, எக்ஸிஃப் டேட்டாவை (எந்த செட்டிங்ல எடுத்ததுன்னு கேமரா படத்தோடயே பதிஞ்சு வைக்கிறது) திறந்தா பதில் அதுலயே இருக்கும். பிரஷ் புடிச்ச கை ஆடியிருக்குன்னு சொன்னாங்க, பாத்தா ஷட்டர் ஸ்பீடு 1/30 செகண்ட். 1/125க்குப் போகணும்னா ரெண்டு ஸ்டாப் வெளிச்சம் (ஒரு ஸ்டாப்னா ரெண்டு மடங்கு) வேணும், சென்சாரோட உணர்திறனான ஐஎஸ்ஓவை 800ல இருந்து 3200க்கு ஏத்தணும், கொஞ்சம் க்ரெய்ன் வரும், பரவால்ல. முகம் எல்லாம் நீலமா இருக்குன்னு ஒரு கமெண்ட், அதுக்கும் அதே தார்ப்பாய் தான் காரணம், வெயில் அது வழியா இறங்கி எல்லாத்து மேலயும் நீலத்தைப் பூசிடும், உள்ள டியூப் லைட்டும் எரிஞ்சுதுன்னா வெள்ளையை வெள்ளையாக் காட்ட கேமராவே கலரைச் சரி பண்ற ஆட்டோ ஒயிட் பேலன்ஸ் குழம்பிடும். ரா ஃபைல்ல (சென்சார் பதிஞ்சதை அப்படியே வச்சிருக்கிற ஃபைல்) எடுத்திருந்தா நல்லாவே சரி பண்ணலாம், ஜேபெக்னா அவ்வளவு இழுத்தா தோல் கலர் கெட்டுப் போகும். அடுத்த தடவை போறப்போ ஒரு வெள்ளைப் பேப்பரை அந்த வெளிச்சத்துல புடிச்சு கஸ்டம் ஒயிட் பேலன்ஸ் செட் பண்ணிட்டு ஆரம்பிங்க.

ஒருத்தர் கிழக்கே போன்னும் இன்னொருத்தர் மேற்கே போன்னும் சொன்னா

கண்டிப்பா நடக்கும். கைடு கலர்ல வைன்னு சொல்லுவாரு, ரெண்டாவது ரிவ்யூக்கு வந்தவரு ப்ளாக் அண்ட் ஒயிட் பண்ணிடும்மான்னு சொல்லுவாரு. யாருக்கு மார்க் போடுற பவர் இருக்குன்னு பாத்து முடிவு பண்றது தான் நம்ம வழக்கம், அதுல எனக்கும் தப்பு சொல்லத் தெரியல, பொழைக்கணும்ல. ஆனா அதுக்கு முன்னாடி ரெண்டு பேரும் ஏன் சொன்னாங்கன்னு பாருங்க. இங்க ப்ளாக் அண்ட் ஒயிட் சொன்னவருக்கு இடறுனது அந்த நீல முகம். கலர் சொன்னவருக்கு வேணுங்கிறது, செம்மண் நிறப் பொம்மை படிப்படியா பச்சையும் ரோஸும் ஆகுறது. ரெண்டு பேருக்கும் பிரச்சனை ஒண்ணு தான், நீலத்தைச் சரி பண்ணிட்டா ப்ளாக் அண்ட் ஒயிட்டுக்கு அவசியமே இல்ல. பெயிண்ட் அடிக்கிறதைப் பத்தின ப்ராஜெக்ட்ல கலரை எடுத்துட்டா அப்புறம் என்னத்தைக் காட்டுறது?

யார்கிட்ட கேக்குறது, எப்படி கேக்குறது

"எப்படி இருக்கு?"ன்னு மட்டும் கேட்டுறாதீங்க. அம்மாகிட்ட கேட்டா "நல்லா இருக்குடா, சாப்பிட்டியா"ன்னு வரும், ஃப்ரெண்டுகிட்ட கேட்டா ஃபயர் எமோஜி வரும். அதே அம்மாகிட்ட "இந்தப் படத்துல என்ன நடக்குதுன்னு சொல்லும்மா"ன்னு கேட்டுப் பாருங்க, "யாரோ சாமி சிலைக்குப் பொட்டு வைக்கிறாங்க"ன்னு சொன்னாங்கன்னா கண்ணு வரையுறது தெரியலைன்னு அர்த்தம், இன்னும் கிட்டப் போகணும். கண்ணு முதல்ல எங்க போச்சு, இதுல ஒண்ணை எடுக்கணும்னா எதை எடுப்ப, இந்த மாதிரிக் கேள்வி கேட்டா போட்டோவே தெரியாதவங்ககிட்ட இருந்தும் உருப்படியா வரும்.

அமெரிக்காவுல லிஸ் லெர்மன்னு ஒரு டான்ஸ் கோரியோகிராஃபர் 1990 வாக்குல இதுக்குன்னே ஒரு முறையை உருவாக்குனாங்க. முதல்ல பாத்தவங்க எது மனசுல நின்னுச்சுன்னு சொல்லணும், அப்புறம் படைச்சவங்க அவங்களுக்கு வேண்டிய கேள்வியைக் கேக்கணும், அப்புறம் பாத்தவங்க தங்களோட அபிப்பிராயத்தை உள்ள நுழைக்காத கேள்வியா கேக்கணும், கடைசியா தான் அபிப்பிராயம், அதுவும் "சொல்லலாமா"ன்னு கேட்டுட்டு. க்ளாஸ்ல நாலு பேரு சேந்து ஒரு சாயங்காலம் இதை ட்ரை பண்ணுங்க. "ஏன் இவ்ளோ இருட்டா எடுத்த?"ங்கிறது கேள்வி மாதிரி வர்ற திட்டு, "இங்க வெளிச்சம் எங்கேர்ந்து வரணும்னு நெனச்ச?"ங்கிறது தான் நிஜக் கேள்வி. ஆரம்பத்துல எல்லாரும் சிரிப்பாங்க, ரெண்டு படம் தாண்டுனதும் செட் ஆயிடும்.

முக்கியமான ஆளை நிறையப் பேரு மறந்துடுறாங்க, படத்துல இருக்கிறவங்க. 4க்கு 6 சைஸ்ல பிரிண்ட் போட்டு எடுத்துட்டுப் போய் அவங்க கையில கொடுங்க, செலவு ஒரு டீ காசை விட கொஞ்சம் கூட ஆகும், அவ்வளவு தான். கொசப்பேட்டையில அந்த அம்மாவோட வீட்டுக்காரரு பிரிண்டை எல்லாம் ஒவ்வொண்ணா திருப்பிப் பாத்துட்டு, "எல்லாம் பெயிண்ட் அடிக்கிறதாவே இருக்கே பாப்பா, மண்ணு பிசையறது, அச்சுல அமுக்குறது, சூளை வைக்கிறது எதுவும் எடுக்கலியா? பெயிண்ட்டு கடைசி வேலை, முக்கால்வாசி வேலை அதுக்கு முன்னாடி முடிஞ்சிரும்"னு சொன்னாரு. ரெண்டு ரிவ்யூலயும் எந்த சாருக்கும் இது தோணல, தோணவும் தோணாது, அவங்க யாரும் பொம்மை பண்ணுனதில்ல. "கதை இல்ல"ன்னு வந்த கமெண்ட்டுக்குப் பதில் இங்க தான் கிடைச்சுது. அவரே இன்னொன்னும் சொன்னாரு, ஒரு படத்துல சின்னப் பையன் பொம்மை தூக்கிட்டு வர்றான், "இது என் பேரன், லீவுக்கு வந்தவன், இதை மாட்டுனா புள்ளைய வேலைக்கு வச்சிருக்கோம்னு பேசுவாங்க, வேணாம்." அந்தப் படம் தான் செட்லயே நல்ல படம். இருந்தாலும் செட்ல இருந்து தூக்கிட்டா. இந்த மாதிரி கமெண்ட்ல யோசிக்கவோ சோதிக்கவோ ஒண்ணும் இல்ல, வேணாம்னா வேணாம், ரெக்கார்டுல மட்டும் ஏன் தூக்குனோம்னு எழுதுங்க. பையனை அடையாளம் காட்டாம எழுதுங்க.

இன்னொரு வழி, அடுத்தவங்க படத்தைப் பாக்குறவங்களைப் பாக்குறது. சென்னை போட்டோ பியனாலேன்னு ஒரு போட்டோ திருவிழா 2016ல இருந்து நடக்குது, அடுத்த தடவை போறப்போ படத்தை மட்டும் பாக்காம, ஜனங்க எந்தப் படத்துக்கு முன்னாடி நிக்கிறாங்க, எதைத் தாண்டிப் போறாங்க, கேப்ஷனை முதல்ல படிக்கிறாங்களா படத்தை முதல்ல பாக்குறாங்களான்னு ஓரமா நின்னு கவனிங்க.

படத்தைத் தூக்குறது

கமெண்ட் எல்லாம் சேந்ததும் ஒரு கட்டத்துல படம் எடுக்கிறதை விட படத்தைத் தூக்குறது தான் வேலையா இருக்கும். எல்லாத்தையும் சின்னதா பிரிண்ட் போட்டு தரையில பரப்புங்க, போன்ல ஸ்வைப் பண்ணி பாத்தா வரிசை புரியாது. ராபர்ட் ஃப்ராங்க்னு ஒரு போட்டோகிராஃபர் 1955, 56ல அமெரிக்கா முழுக்க கார்ல சுத்தி 27,000 ஃப்ரேமுக்கு மேல எடுத்தாரு, அதை வச்சுப் போட்ட 'தி அமெரிக்கன்ஸ்' புத்தகத்துல வந்தது 83. நாம ஐநூறு எடுத்துட்டு அதுல பன்னெண்டைத் தேர்ந்தெடுக்க அழுவுறோம். ரெண்டு பேருக்கு மேல தனித்தனியா ஒரே படத்தைத் தூக்கச் சொன்னாங்கன்னா, அதுக்காக நீங்க காலைல நாலு மணிக்கு எந்திரிச்சிருந்தாலும் ஒரு வாரம் அதைச் செட்ல இருந்து ஒதுக்கி வச்சுட்டுப் பாருங்க. செட் குறைஞ்ச மாதிரி தெரியலன்னா அது வேணாம்.

ரெக்கார்டுல எப்படி எழுதுறது

பழைய ஃப்ரேமையும் புது ஃப்ரேமையும் சின்னதா ஒட்டிட்டு, கீழ இப்படி எழுதுனா போதும், செந்தமிழ்லாம் வேணாம்:

"ஃப்ரேம் 0412. முதல் ரிவ்யூல கைடு சொன்னது: பின்னாடி கசகசன்னு இருக்கு, ப்ளர் பண்ணு. 1.8ல திரும்ப எடுத்தேன் (0530), முகமும் சந்தும் ரெண்டுமே போயிடுச்சு. ரெண்டையும் ஒப்பிட்டப்போ கண்ணை இழுக்குறது மேல் மூலையில இருக்கிற தார்ப்பாய்னு தெரிஞ்சுது. 5.6ல, ரெண்டு அடி இடது தள்ளி, கீழ இருந்து எடுத்தேன் (0561). வகுப்புல மூணு பேர்கிட்ட கண்ணு முதல்ல எங்க போகுதுன்னு கேட்டேன், மூணு பேரும் கைன்னு சொன்னாங்க. ப்ளர் பண்ணச் சொன்னதை நான் ஏத்துக்கல, ஏன்னா சந்து தெரியணும்."

கடைசி வரியைப் பாத்து பயப்படாதீங்க. கைடு சொன்னதை ஏத்துக்கலன்னு எழுதுனா மார்க் போயிடும்னு ஒரு பயம் எல்லாருக்கும் இருக்கு. எடுத்துப் பாக்காமலே ஏத்துக்கலன்னா அது திமிரு, சோதிச்சுப் பாத்து ரெண்டு ஃப்ரேமையும் ஒட்டி வச்சுட்டு சொன்னா அதுக்குப் பேரு தான் ரிஃப்ளெக்‌ஷன். வைவாவுல (வாய்மொழித் தேர்வு) எக்ஸ்டர்னல், அதான் வெளி காலேஜ்ல இருந்து வர்ற எக்ஸாமினர், வந்து "ஏம்மா இந்த ஃப்ரேம்?"னு கேக்குறப்போ உங்ககிட்ட சொல்ல பதில் இருக்கும், பக்கத்து சீட்டுப் பையன் "சார் சொன்னாரு"ன்னு சொல்லிட்டு முழிப்பான்.

எல்லாக் கமெண்ட்டுக்கும் இப்படி எழுத வேணாம், மூணோ நாலோ போதும். ஒயிட் பேலன்ஸ் மாத்துனதுக்கெல்லாம் ஒரு வரி. மாத்தி எடுத்தும் சரியா வராத ஒரு படத்தைக் கண்டிப்பா சேருங்க, எல்லாமே வெற்றியா இருக்கிற ரெக்கார்டை யாரும் நம்ப மாட்டாங்க.

கடைசியா தேதி. ரீஷூட் பண்ண வேண்டிய லிஸ்ட்டை ரிவ்யூ முடிஞ்ச ரெண்டு மூணு நாள்ல போட்டுருங்க, காலேஜ் டெட்லைனைப் பாத்து போடாதீங்க, சப்ஜெக்டோட சீசனைப் பாத்து போடுங்க. மண்ணு பிசையறதும் அச்சும் சீசனுக்கு ரொம்ப முன்னாடியே நடக்குற வேலை, நவராத்திரி கிட்ட வந்துட்டா பெயிண்ட்டும் வியாபாரமும் தான் இருக்கும். சூளை என்னிக்கு வைக்கிறாங்கன்னு அவங்க நம்பரை வாங்கி முன்னாடியே கேட்டு வைங்க, மழை வந்தா தள்ளிப் போகும், முதல் நாள் ராத்திரி திரும்ப ஒரு தடவை போன் பண்ணி கேட்டுட்டு கிளம்புங்க.